தினைக் கிண்ணம்

வைகுண்டம் அந்த ஆசிரமக் குடிலுக்குள் நுழையும்போதே கோபத்தோடுதான் நுழைந்தார். வணக்கம் சொல்லவில்லை. உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவும் இல்லை.

“முப்பது வருஷத்துக்கு மேல என் சோத்தைத் தின்னவம்மா. எப்படி விட்டுட்டுப் போவா?”

குடிலின் தலைவி மங்கையர்க்கரசி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் அரசியம்மா. நாற்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருக்கும். வைகுண்டம் அவரைவிட நன்றாக மூத்தவர். பஸ் டிப்போவில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் ஒரு குரல் கொடுத்தால் ஆள் ஓடிவருவான். அப்படியே பழகிவிட்டது.

“யாரு போனது?”

“என் வீட்டுக்காரி, உலகம்மா. அம்பாசமுத்திரத்துல அவ அக்கா தையல் கடை வச்சிருக்கா. அங்க போய் இன்னொரு மிஷினைப் போட்டு உக்காந்துட்டா. வான்னா வரமாட்டேங்கா.”

“சண்டையா?”

“சண்டைக்கு வழியே இல்ல. வீட்டுல நான் சொல்றதுதான் நடக்கும்.”

அரசியம்மா முற்றிய தண்டுகளைத் தனியே ஒதுக்கினார்.

“ஒண்ணு அவளுக்குப் புத்தி வரணும். இல்ல, எனக்கு நிம்மதி வரணும். எதுன்னாலும் சரி. இங்கயே தங்கிப் பாடம் கேக்கேன்” என்றார் வைகுண்டம்.

கூடத்து ஓரத்தில் ஒரு கூண்டு தொங்கியது. உள்ளே இரண்டு லவ் பேர்ட்ஸ் குஞ்சுகள். ஒன்று பச்சை, ஒன்று நீலம். வளர்ந்தால் மறையும் நெற்றிக் கோடுகள் இன்னும் அலகுவரை இறங்கியிருந்தன. அவ்வளவு சின்னக் குஞ்சுகள். வேலை மாற்றலாகிப் போன ஒரு குடும்பம் முந்தின நாள் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தது.

“இதுங்களும் புதுசு, நீங்களும் புதுசு. உங்க கையில வந்து உக்காரப் பழக்குங்க. அப்புறம் பேசலாம்.”

வைகுண்டத்தின் முகம் சிவந்தது.

“நான் கேட்டது என்ன, நீங்க குடுக்கிறது என்ன? குருவி வளக்கவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?”

“நீங்க வந்த பஸ் நாளைக்கும் வரும். போறதுன்னா போகலாம்.”

அவர் போகவில்லை.

மறுநாள் காலை கூண்டுக்குள் கையை விட்டார். குஞ்சுகள் கம்பிக்குக் கம்பி மோதின. நீலம் தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது. பச்சையை மூலைக்கு விரட்டி அமுக்கிப் பிடித்தார். அது அவர் விரலைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை.

“நன்றி கெட்ட ஜென்மம்! தினை போடுறது நான், கீரை வைக்கிறது நான். என்னையே கடிக்குது!”

சமையல் பார்க்கும் செண்பகம் மஞ்சள் வைத்துக் கட்டினாள். அரசியம்மா வந்து பார்த்தார். கடிபட்ட விரலை அல்ல, குஞ்சை. அது வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“பக்கத்துல உக்காருங்க. கையை உள்ள விடாதீங்க.”

“உக்காந்து?”

“உக்காருங்க.”

“என்ன செய்ய?”

“ஒண்ணும் செய்யாதீங்க.”

வைகுண்டம் உட்கார்ந்தார். டிப்போவில் தாமதமாக வரும் ஓட்டுநருக்காகக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்தார். இரண்டு நாள் அப்படி இருந்தார். மூன்றாம் நாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

பௌர்ணமி பூசைக்கு வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள். அதற்குள் குஞ்சு தன் விரலில் உட்கார வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். முந்தின நாள் மதியமே கூண்டிலிருந்து தினைக் கிண்ணத்தை எடுத்துவிட்டார். கீரையும் வைக்கவில்லை. செண்பகம் கேட்டதற்கு, “நான் பாத்துக்கிடுதேன். நீ உன் அடுப்பைப் பாரு” என்றார்.

பௌர்ணமியன்று முற்பகல். கூடம் நிறைய ஆட்கள். வைகுண்டம் உள்ளங்கையில் கொஞ்சம் தினையை வைத்துக்கொண்டு கூண்டுக்குள் கையை நீட்டினார். பச்சைக் குஞ்சு ஒரு முறை பின்வாங்கியது. பிறகு வந்தது. அவர் விரலில் ஏறி, குனிந்து, நிமிராமல் தின்றது. அவர் கையை மெதுவாக வெளியே எடுத்தார். குஞ்சும் கூடவே வந்தது.

“பாத்தீங்களா? என்னை விட்டு எங்கயும் போகாது!”

ஆட்கள் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் படம் எடுத்தாள். அவ்வளவு சத்தத்திலும் குஞ்சு தின்பதை நிறுத்தவில்லை.

அரசியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கூண்டைப் பார்த்தார். கிண்ணம் இல்லை. நீலக் குஞ்சு அடித்தட்டில், இறகெல்லாம் பொம்மென்று உப்ப, கண்ணை மூடிக் கிடந்தது.

“எப்ப எடுத்தீங்க?”

“நேத்து மத்தியானம். என்னம்மா, பழகிட்டுல்ல?”

அரசியம்மா கோபப்பட்டு அதுவரை அங்கே யாரும் பார்த்ததில்லை. தினையை அள்ளிவந்து நீலக் குஞ்சின் அலகருகே கொட்டினார். அது கண்ணைத் திறக்கும்வரை குனிந்தபடியே நின்றார். திறந்தது. ஒரு மணியைக் கொத்தியது. பிறகு இன்னொன்று.

நிமிர்ந்து செண்பகத்தைக் கூப்பிட்டார்.

“இன்னிக்கு ஐயாவுக்கு இலை போட வேண்டாம்.”

பூசை முடியும்வரை குடிலில் யாரும் சாப்பிடுவதில்லை. ஆகவே வைகுண்டத்துக்குக் காலையிலிருந்தே வயிறு காலி. பந்தி நடந்தது. பாயசம் போனது. அவர் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். அரசியம்மா விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தார். இரண்டாம் பந்தி முடிந்து இலைகளை எடுத்தபோது, விளையாட்டு இல்லை என்று தெரிந்தது.

“என்ன அக்கிரமம் இது! நான் என்ன பிச்சைக்காரனா?”

செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். அடுக்களைக் கதவு சாத்தியிருந்தது. ஊருக்குப் போகும் ஒரே பஸ் காலையிலேயே போய்விட்டது. டிப்போ மேலாளருக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் அரசியம்மா கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தார். கையில் தயிர்சாதக் கிண்ணம். வெளியூர்க்காரர்கள் சுற்றி இருந்தார்கள். ஒரு கவளத்தை உருட்டி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“வாங்க ஐயா.”

வைகுண்டம் அசையவில்லை.

“வாங்க.”

“கிண்ணத்தைக் குடுங்க. நானே சாப்பிட்டுக்கிடுதேன்.”

“கிண்ணம் கிடையாது. கைதான்.”

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சாதத்தில் தாளித்த கடுகு வாசனை அடித்தது. அவர் போனார். குனிந்தார். அந்தக் கவளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது.

அரசியம்மா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “பாத்தீங்களா, ஐயாவுக்கு என் மேல எவ்வளவு பிரியம்! இனி எங்கயும் போக மாட்டாரு.”

“பிரியமா?” வைகுண்டம் கத்தினார். “பசி! வெறும் பசி! இப்படி அவமானப்படுத்த உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?”

“உங்களுக்கு யாரு குடுத்தா?”

அரசியம்மா கிண்ணத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை வைகுண்டம் பையைக் கட்டினார். இந்த மாதிரி இடத்தில் மனுஷன் இருப்பானா என்று சத்தமாகவே சொன்னார். யாரும் தடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்தபோது கூண்டின் மேல் அவர் நிழல் விழுந்தது. கிண்ணம் நிறையத் தினை இருந்தது. இரண்டு குஞ்சுகளும் அதைக் கொறித்துக்கொண்டிருந்தன. அவரைக் கண்டதும் இரண்டும் கொறிப்பதை விட்டுவிட்டுத் தூர மூலைக்குப் போய் ஒடுங்கின. நேற்று அவர் விரலில் உட்கார்ந்திருந்த பச்சைதான் முதலில் ஓடியது.

வைகுண்டம் நின்றார். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு போய்விட்டது.

அன்று அவர் நாற்காலியைக் கூண்டிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். சும்மா இருக்க வாய் கேட்கவில்லை. குஞ்சுகளிடம் என்ன பேசுவதென்றும் தெரியவில்லை. தெரிந்த பஸ் தடத்தின் ஊர்களைச் சொன்னார்.

“திருநெல்வேலி, சீதபற்பநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி.”

மெல்லிய குரலில் சொன்னார். அவருக்கே அது தன் குரல் மாதிரி இல்லை. காலையில் ஒரு தடம், மாலையில் ஒரு தடம். தினமும் கிண்ணத்தை நிரப்புவார், தள்ளிப் போய் உட்காருவார். சில நாள் கழிந்து, அவர் குரல் கேட்டால் குஞ்சுகள் ஓடாமல் இருந்தன. இன்னும் சில நாளில் பச்சைக் குஞ்சு ஒற்றைக் காலில் நின்று, அலகை நறநறவென்று அரைத்துக்கொண்டே தூங்கியது.

“பயம் போனாத்தான் அப்படித் தூங்கும்” என்று செண்பகம் சொன்னாள். வைகுண்டம் நாற்காலியை ஓசைப்படாமல் கொஞ்சம் கிட்டே நகர்த்தினார்.

பிறகு, கூடத்துக் கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் கூண்டைத் திறந்து வைக்க ஆரம்பித்தார்.

ஒரு பிற்பகல், வயிறாரத் தின்று முடித்த நீலக் குஞ்சு கூண்டை விட்டு வெளியே வந்தது. கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் தோளில் இறங்கியது. அவர் மூச்சுகூட விடவில்லை. அது அவர் மீசையில் ஒரு மயிரை இழுத்துப் பார்த்தது. காதோரம் ஏதோ கிறீச்சிட்டது. பிறகு, வந்தமாதிரியே பறந்து போய்விட்டது.

வைகுண்டம் எழுந்து அரசியம்மாவைத் தேடிப் போனார். அவர் கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தார்.

“வந்துச்சு” என்றார் வைகுண்டம்.

“கூப்பிட்டீங்களா?”

“இல்ல.”

“பசிச்சு வந்துச்சா?”

“இல்ல. தின்னுட்டுத்தான் வந்துச்சு. கொஞ்ச நேரம் இருந்துச்சு. போயிட்டுது.”

அரசியம்மா ஒரு புடவையை உதறிக் கொடியில் போட்டார். வைகுண்டம் நகரவில்லை.

“உலகம்மா அப்படி இல்லம்மா. ஒரு குரல் கொடுத்தா போதும், அடுப்புல என்ன இருந்தாலும் விட்டுட்டு வந்து நிப்பா. ஒரு நாளும் மாட்டேன்னு சொன்னது கிடையாது.”

“அப்ப கிண்ணம் யாரு கையில இருந்துச்சு?”

வைகுண்டம் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் அம்பாசமுத்திரம் வரைக்கும் போய்ட்டு வரட்டா?” என்று கடைசியில் கேட்டார்.

“போய்ட்டு வாங்க.”

நாலடி போனவர் சட்டென்று திரும்பினார். பழைய கோபம் குரலில் ஏறிவிட்டது.

“நான் இவ்வளவு தூரம் இறங்கிப் போறேன். அப்பவும் அவ வரமாட்டேன்னு சொல்லிட்டா?”

அரசியம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தார்.

“அப்படிச் சொல்ல இப்பத்தான் அவங்களால முடியுது. முதல்ல அதைப் பாத்துட்டு வாங்க.”