ஆடு சிலுப்பிய தீர்ப்பு

ராஜாக்கள் யானைமேலும் நாமெல்லாம் கால்நடையாகவும் போய்வந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் சோலைக்காடு என்றொரு ஊர். அந்த ஊரில் ஆராயி என்றொரு பெண். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மூன்று பிள்ளைகள், ஒரு குடிசை, கொல்லையில் அவள் கையால் வைத்த ஒரு பலாமரம். மரம் காய்த்தால் அடுப்பு எரியும். காய்க்காவிட்டால் அடுப்பில் பூனை தூங்கும்.

பக்கத்து வீட்டுக்காரன் செக்கு வைத்திருந்த மாசிலாமணி. பெயரைப் பாருங்கள், மாசிலாமணியாம்! ஆராயி ஆடிக்குத் தாய்வீடு போய்த் திரும்புவதற்குள் வேலியைப் பிடுங்கி, பலாமரம் தன் பக்கம் வரும்படி நட்டுவிட்டான். "என் கொல்லை, என் வேலி, என் மரம்" என்றான். மூன்றும் புளுகு. ஆனால் பார்த்தவர் யாருமில்லை.

சாட்சி இல்லாத வழக்கென்றால் அந்த ஊரில் எல்லையம்மன்தான் நீதிபதி. கோயில் வாசலில் ஓர் ஆட்டை நிறுத்துவார்கள். வழக்காடுகிறவர் தம் கட்சியைச் சொல்லி ஆட்டின்மேல் மூன்று சொம்பு தண்ணீர் ஊற்றவேண்டும். ஆடு உடம்பைச் சிலுப்பினால் அம்மன் ஒப்புக்கொண்டாள் என்று பொருள். சிலுப்பாவிட்டால் சொன்னது பொய். மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான்.

"ஆட்டை நான் தர்றேன், அம்மனுக்கு என் காணிக்கை" என்றான் மாசிலாமணி, பக்தி வழிய வழிய. கறுப்புக் கிடா. என்ன பளபளப்பு! என்ன மினுமினுப்பு! ஊரே வாய்பிளந்து மெச்சியது. செக்குக்காரன் வீட்டு ஆடு ஏன் இப்படி மின்னுகிறது என்று ஒருவருக்காவது தோன்றியதா? தோன்றவில்லை. நமக்கும் தோன்றியிருக்காது, பெருமை வேண்டாம்.

ஆராயி முதல் சொம்பை ஊற்றினாள். "அம்மா, இது நான் வச்ச மரம்." தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆடு அசைபோட்டது. இரண்டாம் சொம்பு. ஆடு அவளை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் அசைபோட்டது.

அவள் தோழி குப்பாயி ஓடிவந்து காதோடு ரகசியம் சொன்னாள். குப்பாயியின் ரகசியம் நாலு தெருவுக்குக் கேட்கும். "அடியே, ஆட்டுக் காதுக்குள்ள ஊத்துடி! எந்த ஆடா இருந்தாலும் சிலுப்பும்."

"நெசத்தைச் சொல்லிட்டு, அதுக்குத் திருட்டுத்தனத்தை ஏன்க்கா முட்டுக் கொடுக்கணும்? மரம் வச்சது நான், அதைச் சொல்ல வேண்டியதும் நான். சிலுப்ப வைக்கிறது அம்மன் வேலை."

ஊர் நாட்டாருக்கு மனசு கேட்கவில்லை. "பாதி மரம் அவனோடதுன்னு சொல்லிடு தாயி. ஊரோட இருந்துக்கலாம்."

"அந்தப் பாதியும் பொய்தானுங்களே, நாட்டாரே."

மூன்றாம் சொம்பையும் முதுகிலேயே ஊற்றினாள். "நான் வச்ச மரம்" என்று அதே வார்த்தையைத்தான் சொன்னாள். ஆடு தும்மக்கூட இல்லை. பிள்ளைகள் மூன்றும் ஓவென்று அழுதன.

"அழாதீங்கடா. நாம பேசி முடிச்சாச்சு. அம்மன் இன்னும் வாயைத் திறக்கலை" என்றாள் ஆராயி.

அடுத்தது மாசிலாமணி முறை. புது வேட்டி சரசரக்க வந்து முதல் சொம்பை ஊற்றினான். தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. யார் ஊற்றுகிற தண்ணீர் என்று, ஈரம் உறைக்காதிருக்க அவன் ஆட்டுக்குப் பூசிய எண்ணெய்க்குத் தெரியுமா? அவள் முறையை யோசித்தானே தவிர, தன் முறையை யோசிக்கவே இல்லை, மண்டு! இரண்டாம் சொம்பும் ஓடியது. அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. சட்டென்று குப்பாயி சொன்னது ஞாபகம் வர, மூன்றாம் சொம்பை ஆட்டின் காதுக்குள் அப்படியே கவிழ்த்தான்.

அடேயப்பா, சிலுப்பியதே ஒரு சிலுப்பு! தலை சிலுப்பி, முதுகு சிலுப்பி, வால்வரைக்கும் சிலுப்பியது. பூசாரி கன்னத்தில், நாட்டார் மீசையில், மாசிலாமணியின் புது வேட்டியில் என்று எல்லா இடத்திலும் தெறித்தது.

"சிலுப்பிடுச்சு! மரம் என்னோடது!" என்று குதித்தான் மாசிலாமணி.

நாட்டார் மீசையைத் தடவினார். விரலை மோந்து பார்த்தார். "விளக்கெண்ணெய்! ஏன்டா, பலாப்பழம் வெட்டுறவன் கையில எண்ணெய் தடவுவான். நீ ஆட்டுக்கு எதுக்குடா தடவினே?"

மாசிலாமணி குதிப்பதை நிறுத்தினான்.

ஆட்டைச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டி, துவட்டி மறுபடி நிறுத்தினார்கள். ஆராயி சொம்பைச் சாய்த்ததுதான் தாமதம், முதுகில் நாலு சொட்டு விழுவதற்குள் ஆடு சிலுப்பியது. ஆராயி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மாசிலாமணி மூட்டை கட்டினான். ஆராயிதான் தடுத்தாள். "இவன் போயிட்டா அம்மன் விளக்குக்கு யார் எண்ணெய் தருவா? இருந்து ஊத்தட்டும்." அன்றுமுதல் கோயில் விளக்கு எண்ணெய் அவன் செலவு. ஆடு? தீர்ப்புச் சொன்ன ஆட்டை யார் வெட்டுவார்கள்? தினமும் காலையில் அது நேராக மாசிலாமணி வீட்டுக்குப் போய் வயிறுமுட்டப் பிண்ணாக்குத் தின்னும். அவனே கூடையில் அள்ளி வைப்பான்.

ஆகையால் கேட்டவர்களே, உண்மையை விடாமல் பிடித்துக்கொள்வது நம் வேலை, நியாயத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது தெய்வத்தின் வேலை. அந்த வேலைக்குள் நாம் தில்லுமுல்லோடு கை வைக்கக்கூடாது.