தரை தொடாத கால்கள்

அயர்லாந்தில் கல்யாணத்தன்று ஆடும் மணப்பெண்ணின் ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். இரண்டும் எழும்பினால் குன்றுக்குள் வாழும் மாயக்கூட்டம் அவளைக் கொண்டுபோய்விடுமாம். மாப்பிள்ளை கார்மக் ஆட்டக் குஷியில் மணப்பெண் ஷிவோனை அலாக்காகத் தூக்கிவிட்டான். பிடில் தானாக நின்றது. வீடே குளிர்ந்தது. வாசலில் பச்சைக் கோட்டு போட்ட நெட்டையன் ஒருவன் நின்றான்.

"கால் தரையை விட்டால் உரிமை கேட்பவருக்குச் சொந்தம். அவளை அனுப்புங்கள்."

பாத்திரம் கழுவும் ஊனா அவன் காலடியைப் பார்த்தாள். பூட்சுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

"சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே, துரை?"

"ஒன்றுதான்."

"உங்கள் காலும் தரையில் இல்லை. அப்படியானால் கேட்கிற எனக்கு நீங்கள் சொந்தம். உங்களுக்குச் சொந்தமானதும் எனக்குத்தான். அவள் இங்கேயே இருக்கட்டும். நீங்கள் வந்து அண்டா தேய்த்துக் கொடுங்கள்!"

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். அப்படியே புகையாகக் கலைந்துபோனான்.

ஷிவோன் ஊனாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச ஆட்டத்தை ஆடினாள்.