உரலைக் கோழிமுட்டையாக்கிய பாணன்

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, நைஜர் ஆற்றங்கரையில், முன்னொரு காலத்தில் சிரிமான் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ராஜாவை அந்தச் சீமையில் மன்சா என்பார்கள். மன்சாவின் தங்கத்துக்கு அளவே கிடையாது. குதிரை கட்டும் முளைகூடத் தங்கம்தான். உரல் பருமனுக்கு ஒரே கட்டி.

அவனைப் புகழ்ந்து பாடக் கேமோ என்ற பாணன் இருந்தான். புளுகுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் நான் என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வான். மன்சா வழுக்கி விழுந்தால்கூட, "பூமியைத் தழுவ மனமிரங்கினார்" என்று பாடிவிடுவான்.

ஒரு வருஷம், மன்சாவின் பெருமையைப் பரப்பக் கேமோவையும் பொக்கிஷக்காரன் துமானியையும் கெய்ரோவுக்கு அனுப்பினார்கள். முதல் நாள் கேமோ கடைத்தெருவில் நின்று, "எங்கள் மன்சா குதிரை கட்டுகிற முளை, உரல் பருமன் தங்கம்!" என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருத்தன் பேரீச்சங்கொட்டையை அவன்மேல் துப்பினான். கேமோவுக்கு அழுகையே வந்துவிட்டது. காலமெல்லாம் பொய்யை நம்பவைத்தவன், வாயைத் திறந்து ஒரே ஒரு உண்மை சொன்னான், அது எடுபடவில்லை. மறுநாள் "கோழிமுட்டை அளவு" என்றான். ஊரே வாயைப் பிளந்தது.

துமானிக்குக் கேமோவைக் கண்டாலே வயிறு எரியும். ஊர் திரும்பியதும் சபையில் போட்டுக்கொடுத்தான்.

"மன்சா, உங்கள் உரலை முட்டையாக்கிவிட்டான் இந்தப் பாவி!"

மன்சாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என் தங்கத்தைக் குறைத்த நாக்கை அறுங்கள்!"

நாக்கு போனால் கேமோவிடம் வேறென்ன இருக்கிறது? ஏர் பிடிக்கத் தெரியாது. வில்லைப் பிடித்தால் அம்பு அவன் காலில்தான் குத்தும்.

"ஒரு நாழிகை பொறுங்கள், மன்சா. வடக்கேயிருந்து ஹம்தூன் என்ற உப்பு வியாபாரி வாசலில் வந்து இறங்கியிருக்கிறார். நம் ஊருக்குப் புதுசு. அவரிடம் துமானி உண்மையைச் சொல்லட்டும். அப்புறம் நான் என் பொய்யைச் சொல்கிறேன். நீங்கள் திரைமறைவில் நின்று கேளுங்கள்."

உப்பில்லாமல் ஊரே சப்பென்று சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. துமானி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் உரல் கதையைச் சொன்னான். ஹம்தூன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா, இவ்வளவு அளக்கிறவர்கள் வீட்டில் உலை கொதிக்காது. என் உப்புக்கு நீங்கள் என்ன கொடுத்துவிடப் போகிறீர்கள்? டேய், ஒட்டகங்களைக் கிளப்புங்கடா!"

கேமோ ஓடிப்போய் ஒட்டகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். "கோபிக்காதீர்கள். எங்கள் ஆள் கொஞ்சம் ஏற்றிச் சொல்லிவிட்டார். முட்டை அளவுதான்."

"முட்டை அளவா! குதிரை கட்டவா? அடேயப்பா!" ஹம்தூன் அங்கேயே மூட்டைகளை இறக்கச் சொன்னார்.

மன்சா அசடு வழியத் திரையை விட்டு வந்தான். "இத்தனை நாளாக அந்த உரலைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தேனே, என்னைவிட மடையன் உண்டா? கேமோ, என் வீரத்தையும் இப்படிக் குறைத்துத்தான் பாடினாயோ?"

கேமோ கைகூப்பினான். "இல்லை மன்சா. அதில் மட்டும் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருந்தது."

மன்சா குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவனுக்குப் போட்டான். பிறகு துமானி பக்கம் திரும்பினான்.

"நீ உண்மை பேசுகிறவன். கெய்ரோவுக்கே போ. உரல் பருமன் என்றே சொல். ஒரே ஒருத்தர் நம்பினாலும் போதும், உடனே திரும்பி வந்துவிடு."

துமானி இன்னும் ஊர் திரும்பவில்லை.