அளவுக்கு வைத்த சட்டை

மலையடிவாரத்தில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் சின்னதாக ஒரு மடம் இருந்தது. அதற்குக் குரு மரகதம் என்கிற பெண். தச்சு வேலை செய்கிற வீட்டில் பிறந்தவள். நாற்பது வயது இன்னும் நிறையவில்லை. அவளிடம் சீடர்களாக வந்து தங்கியவர்கள் எல்லாருமே அவளைவிட மூத்தவர்கள். அவர்கள் அவளைக் குருவம்மா என்றார்கள். அவள் அவர்களை அக்கா, அண்ணாச்சி என்றே கூப்பிட்டாள்.

உபதேசம் என்று தனியாக எதுவும் கிடையாது. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஆளுக்கொரு மரத்துண்டும் கோடு கீற ஒரு கத்தியும் கொடுப்பாள். கத்தி விரல் நீளம்தான் இருக்கும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சாய்வாகத் தீட்டியது. பென்சிலைத் தொட விடமாட்டாள். டேப்பும் கூடாது. எந்தச் சட்டம் வந்து உட்கார வேண்டுமோ அதையே எடுத்து மரத்தின்மேல் வைத்து, அதன் ஓரத்தை ஒட்டிக் கத்தியால் கீற வேண்டும். அப்போதுதான் இறுகப் பொருந்தும் என்பாள். அவள் அதிகம் பேசியது அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

சீடர்களில் ஒருத்தி தவமணி. ஐம்பத்தெட்டு வயது. மகள் பூங்கோதை தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியான வேளையில் வீட்டை விட்டுக் கிளம்பினாள். "போயிட்டு வரேம்மா" என்று அவள் சொன்னபோது தவமணி அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மகள் எந்தச் சேலை கட்டிப் போனாள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. பிறகு அதை நினைத்து நினைத்து எத்தனையோ நாள் கிடந்திருக்கிறாள்.

அந்த வருஷம் சித்திரையில் திருப்பூரிலிருந்து பூங்கோதையின் கடிதம் ஒன்று வந்தது. பேத்திக்கு எட்டு வயசு, மூன்றாம் வகுப்புக்குப் போகப் போகிறாள், நன்றாக எழுதுகிறாள் என்று நாலே வரி. வா என்று அதில் இல்லை. வராதே என்றும் இல்லை.

தவமணி குருவிடம் போய், பேத்திக்கு ஒரு எழுதுமேசை செய்யட்டுமா என்று கேட்டாள். தரையில் உட்கார்ந்து எழுதுகிற மாதிரி குட்டையான மேசை. லாரியில் அனுப்பிவிடலாம் என்று அவள் எண்ணம். குரு தலையசைத்து, நல்ல பூவரச மரமாகப் பார்த்துக் கொடுத்தாள்.

ஆனி பிறந்தபோது பலகையும் சட்டங்களும் நன்றாகவே அமைந்துவிட்டன. காலின் உயரத்தில்தான் சிக்கல். முதலில் ஒரு ஜோடி அறுத்தாள். பிள்ளை வளர்த்தியாக இருந்தால் முட்டி இடிக்குமே என்று தோன்றியது. இரண்டாவது ஜோடி அறுத்தாள். அப்பனைக் கொண்டு குள்ளமாக இருந்தால் கை எட்டாதே என்று அதையும் தள்ளி வைத்தாள். பக்கத்தில் மணைப்பலகை செய்துகொண்டிருந்த இன்னொரு சீடர் பலவேசம் வாத்தியார் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"தவமணியம்மா, செய்யுறது மேசையா மரவட்டையா? கால் கூடிக்கிட்டே போகுதே."

தவமணி எழுந்தாள். அறைக்குப் போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பள்ளிக்கூடச் சட்டையை எடுத்து வந்தாள். முழங்கைவரை கை வைத்துத் தைத்தது. மடிப்பு பழுப்பேறியிருந்தது. சாமியைக் கும்பிட்டுவிட்டு, புதுச் சட்டம் ஒன்றின்மேல் அதை விரித்து, கீழ்விளிம்பை மரத்தின் அடியோடு சேர்த்து, கை முடிகிற இடத்தில், தரையில் உட்கார்ந்தால் முழங்கை வருகிற உயரத்தில், கத்தியை வைத்தாள். பொருளை வைத்துத்தானே கீறச் சொல்லியிருக்கிறது. இந்தத் தடவை தப்பாது என்று அவளுக்கு நிச்சயமாக இருந்தது.

குரு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இது யாரு சட்டை அக்கா?"

"பூங்கோதையோடது. எட்டு வயசுல போட்டது."

"மேசை யாருக்கு?"

"பேத்திக்கு."

குரு எழுந்து போய், வாத்தியாருடைய மணைக்கு அறுத்த சட்டம் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தாள். மேசைப் பலகையின் துளையில் அதைச் செருகிப் பார்க்கச் சொன்னாள். தவமணி செருகினாள்.

"ஆடுது."

"ஒரே மரம்தான். ஒரே மாதிரி கத்தியாலதான் கீறினது."

"ஆனா இந்தத் துளைக்குன்னு கீறினது இல்லையே" என்றாள் தவமணி. சொன்ன பிறகுதான் சட்டையைப் பார்த்தாள். மெல்ல அதை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆற்றில் யாரோ துணி துவைக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. தவமணி, கடிதம் போட்டுப் பிள்ளையின் அளவைக் கேட்டால் எழுதி அனுப்ப மாட்டாளா என்று கேட்டாள்.

"அனுப்புவா. காகிதத்துல ஒரு நம்பர் வரும்."

"வேற எப்படி குருவம்மா?"

குரு மேசைப் பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். அறுத்து வீணான கால்களை ஒரு பக்கம் ஒதுக்கினாள். நாலு நீளச் சட்டங்களை எடுத்துத் தலைப்பக்கம் மட்டும் துளையில் வைத்துப் பொருத்திப் பார்த்தாள். அடிப்பக்கத்தை அறுக்காமல் அப்படியே நீளமாக விட்டாள். பிறகு எல்லாவற்றையும் கழற்றிச் சணல் கயிற்றால் கட்டினாள். தன் இடுப்பில் எப்போதும் வைத்திருக்கும் கத்தியை எடுத்துத் துணியில் சுற்றி அந்தக் கட்டுக்குள் செருகினாள்.

"திருப்பூர்ல அறுத்துக்கொடுக்க ஆசாரி கிடைப்பாரு. கீறுறது மட்டும் நீங்க கீறணும். பிள்ளையைப் பக்கத்துல உட்கார வச்சு."

தவமணி கட்டைத் தொடவில்லை. பதினோரு வருஷமாக யாரிடமும் கேட்காததை அன்றைக்குக் கேட்டாள்.

"அன்னைக்கு நான் திரும்பிக்கூடப் பார்க்கலை குருவம்மா. இப்ப எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?"

"உங்ககிட்ட இருக்கிறது ஒரு முகம்தானே அக்கா."

"அவ கதவைத் திறக்கலைன்னா?"

வாத்தியார் இழைப்பதை நிறுத்திவிட்டார். தவமணி குருவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரு கட்டைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள்.

"வாசப்படியில உட்கார்ந்திருங்க. நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வரும். வந்து உங்க பக்கத்துல நின்னு, யாரு நீங்கன்னு கேக்கும். அப்ப தெரிஞ்சிரும், எவ்வளவு உயரம்னு."