நாற்பது பேரும் நல்லாருக்கு என்றார்கள்

இலுப்பைக் காட்டில் செவந்தி என்றொரு பெருச்சாளி இருந்தாள். உப்பும் மிளகாயும் போட்டு வறுத்த வேர்க்கடலையைத் தேக்கிலையில் பொட்டலம் கட்டி விற்பாள். காடே வாங்கித் தின்னும். அவளுக்கு ஆறு குட்டிகள். மழைக்காலம் நாலு மாதத்துக்கும், விற்கவும் தின்னவும், வீட்டு மண்குதிரில் சேர்த்து வைத்திருந்த கடலைதான். அதை விட்டால் வேறு நாதியில்லை.

பக்கத்துக் காட்டில் நாலு இடம் சுற்றிவிட்டு வந்த மாசானம் என்ற கீரி, அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. உப்பு, உறைப்பெல்லாம் பழைய காலமாம். இப்போது எல்லோருக்கும் உடம்பைப் பற்றித்தான் கவலையாம். கடலையோடு வேப்பம்பூவை இடித்துப் பொட்டலம் கட்டினால் நிற்காமல் விற்குமாம். செவந்தி முடியாது என்று தலையாட்டினாள்.

"என்னை நம்ப வேண்டாம் தாயி. வாங்கித் தின்கிறவங்களையே கேட்போம்" என்றான் மாசானம்.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கொஞ்சம் கடலையோடு வேப்பம்பூவை இடித்து மாதிரிப் பொட்டலம் கட்டிக்கொண்டு இருவரும் வீடு வீடாகக் கிளம்பினார்கள். செவந்தி தன் கையாலேயே நீட்டுவாள். பக்கத்தில் நின்று மாசானம் அவர்கள் சொல்வதைப் பனையோலையில் கீறிக்கொள்வான். மான் மென்றுவிட்டு நல்லாருக்கு என்றது. முயல், உடம்புக்கு நல்லதாச்சே, கட்டாயம் வாங்குவேன் என்றது. கரடியோ, தன் மாமியார் வீட்டுக்கும் சேர்த்து வேண்டும் என்றது. இப்படி நாற்பது வீடு. நாற்பது பேருக்கும் நல்லாருந்ததாம்! மாசானத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் செவந்தி வேப்பம்பூவை இடித்து உரலில் வைத்துவிட்டுக் கடலைக் குதிரின் மூடியைத் திறந்தாள். ஒருமுறை கலந்துவிட்டால் கடலையைப் பிரித்தெடுக்கவா முடியும்? கடலையை அள்ள முறத்தைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஓர் எறும்பு வந்து நின்றது.

"நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன் அக்கா. ரெண்டு நாளா எங்க புற்றுக்கே உங்க பொட்டலம்தான் சாப்பாடு."

"உங்களுக்கு நான் தரவே இல்லையே?"

"எல்லார் வீட்டுக் கொல்லையிலயும் கெடக்குதே அக்கா. ஆளுக்கு ஒரு கடி கடிச்சுட்டு வீசியிருக்காங்க."

செவந்தி முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு முயல் வீட்டுக் கொல்லைக்கு ஓடினாள். புதரடியில் பொட்டலம் கிடந்தது. எறும்பு மொய்த்தது போக மிச்சம் அப்படியே இருந்தது. முயல் தலையைத் தொங்கப்போட்டது.

"நீங்க ஆசையா நீட்டுனீங்க. வாயில போட்டதும் ஒரே கசப்பு. முகத்துக்கு நேரே எப்படிக்கா சொல்றது?"

செவந்திக்குக் கோபம் வரவில்லை. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். குதிர் நிறையக் கடலை பத்திரமாக இருக்கிறது, ஆறு குட்டிகளும் மழைக்குப் பட்டினி கிடக்க மாட்டார்கள் என்று நினைத்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சேதி கேட்டு ஓடிவந்த மாசானம்தான் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாற்பது பேருமா பொய் சொல்வார்கள் என்று கேட்டான்.

"பொய் இல்லடா, மரியாதை" என்றாள் செவந்தி. அன்று மாலையே உப்பும் மிளகாயும் போட்டுக் கடலை வறுத்தாள்.

கொடுத்தவர் முகத்துக்கு நேரே வாய் சொல்வதை நம்பிக் கைமுதலைக் கொட்டாதே. தின்றார்களா எறிந்தார்களா என்று பார்த்துவிட்டுக் கொட்டு.