வைத்தவரே எடுக்கும் நீலத் துணி

அந்தக் காலத்தில் இரும்புக்கும் வாய் இருந்தது, தரையணிலுக்கும் வாய் இருந்தது. இரண்டும் சண்டை பிடித்தால் மனிதர்கள்தான் விலக்கிவிட வேண்டும். அமெரிக்காவின் நடுவில், புல்லைத் தவிர வேறொன்றும் இல்லாத சமவெளியில் தண்டவாளம் போட்ட புதிது அது.

அங்கே கோதுமை இழுத்த கூட்ஸ் இஞ்சின் ஒன்றுக்குப் பொறுமையே கிடையாது. பெட்டிகளுக்கு அடியில் புகுந்து பழுது பார்ப்பவர்களுக்காக அது ஒரே ஒரு வாக்குக் கொடுத்திருந்தது.

"என் எதிரே வெள்ளைத் துணி பறக்கிறவரை நகர மாட்டேன். இறக்கினால் கிளம்பிவிடுவேன். அப்புறம் கத்தாதீர்கள். என் நீராவி இரைச்சலில் எதுவும் கேட்காது."

ஒரு நடுப்பகலில் இரண்டு பெட்டிகளில் பிரேக் இறுகி வண்டி நின்றது. பழுது பார்க்க நில்ஸும், அவன் மனைவியின் தம்பி ஃபின்டனும் வந்தார்கள். ஃபின்டன் ஒரு கம்பை நட்டுத் துணியைக் கட்டினான்.

"எவ்வளவு நேரம்?" என்று இஞ்சின் உறுமியது.

"உனக்குத் தண்ணி தவிக்கிறதுக்குள்ள முடிச்சிடுவோம். அத்தான், நீங்க கடைசிப் பெட்டியைப் பாருங்க. முன்பெட்டி என்னோடது."

"சரி மாப்பிள்ளை. போன தடவை மாதிரி சுத்தியலை உள்ளேயே விட்டுட்டு வராதே."

ஃபின்டன் சீக்கிரம் முடித்தான். சுத்தியலை மறக்காமல் எடுத்தான். வேலை முடிந்தால் துணியை இறக்குவது வழக்கம், இறக்கினான். இஞ்சின் அவனைத் தாண்டிப் புறப்பட்டது. அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. அறுபது பெட்டிகளுக்கு அப்பால் அத்தான் இன்னும் அடியில் இருந்தான்.

"நில்லு! நில்லு!"

கூட்ஸ் வண்டி ஒரே மூச்சில் நகராது. கொக்கிகளின் தொய்வு இழுபட்டு, டக், டக் என்று பெட்டி பெட்டியாகத்தான் அசையும். ஃபின்டன் அந்தச் சத்தத்தோடு போட்டி போட்டு ஓடினான். பத்தாவது பெட்டியிலேயே சத்தம் அவனை முந்திவிட்டது.

கடைசிப் பெட்டியருகே வளையிலிருந்து தரையணில் தலை நீட்டியது.

"நில்ஸு, வண்டி கிளம்பிடுச்சு! உருளு!"

"இன்னும் ஒரு திருகுதான்..."

"உன் தலையைத் திருகிடும்டா, வெளியே வா!"

நில்ஸ் உருண்டான். சட்டைக் கை பிரேக் கம்பியில் மாட்டிக்கொண்டது. டக்! சக்கரம் அசைந்தது. தண்டவாளத்தில் காலை உந்தி இழுத்தான். தோளோடு கிழிந்த துணிமேல் சக்கரம் ஏறிப் போனது. அவன் புல்லில் கிடந்தான்.

அந்தப் பெட்டியின் பிரேக் முழுதாக விடவில்லை. பத்தடி போய் வண்டி நின்றது. "எவன்டா பின்னால் பிடித்து இழுக்கிறது?" என்று கத்தியது இஞ்சின்.

ஃபின்டன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "முடிஞ்சுதுன்னு நினைச்சேன், அத்தான்..."

"உன் வேலை முடிஞ்சுது. உன் துணியை நீ எடுத்தே. எனக்குன்னு ஒண்ணு வைக்காம நான் உள்ளே போனேன் பாரு!"

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

"ஒத்தைக் கைச் சட்டையோட போனா அவளே கேப்பா."

கிழிந்த சட்டைக் கை நீல நிறம். நில்ஸ் அதை எடுத்துக்கொண்டு ஃபின்டனோடு முன்னால் நடந்தான். இஞ்சின் எதிரே கம்பை மறுபடி நட்டு அதில் கட்டினான்.

"இது என் துணி. நான் எடுக்கிற வரைக்கும் நீ அசையக் கூடாது."

"இவன் எடுத்தால்?" என்று ஃபின்டனைப் பார்த்துக் கேட்டது இஞ்சின்.

"இவன் எடுத்தாலும், உன் முதலாளியே எடுத்தாலும்."

இஞ்சின் அந்தத் துணியில் பதிந்திருந்த சக்கரத் தடத்தைப் பார்த்தது. "சரி," என்றது, முதன்முறையாக மெதுவாக.

அன்று முதல்தான், அந்த ஊர்த் தண்டவாளங்களில் வண்டிக்கு அடியில் போகிறவர்கள் நீல அடையாளம் வைக்கிறார்கள். தான் வைத்ததைத் தானே எடுத்துக்கொண்டு கடைசி ஆளும் விலகி நடந்த பிறகுதான் இஞ்சின் நகர்கிறது.