கதவில்லாத கீழ்வாசல்

அந்தக் காலத்துல மலையில பனியும் பேசும், மரமும் பேசும். காது குடுத்துக் கேக்கத்தான் ஆளில்ல.

மலைச் சரிவுல கொம்பையனுக்கு ஒரு பேரிக்காய்த் தோட்டம். காட்டுப்பன்னிக்காகக் கீழ்வாசலுக்குக் கதவு போட்டு ரெண்டு வருசமாச்சு; அந்த ரெண்டு வருசமும் ஒரு பழம் கண்ணுல படல. மாசியில மரமெல்லாம் வெள்ளை வெளேர்னு பூக்கும். விடியக்காலையில உறைபனி விழும். வெயில் வந்ததும் அத்தனை பூவும் கருகிக் கொட்டும். அந்தப் பனி எப்பவும் கீழ்வாசல் பக்கம்தான் கனமாக் கிடக்கும். அதனால, அது கீழ இருக்குற ஓடையிலருந்து ஏறி வருதுன்னு கொம்பையன் முடிவு கட்டிட்டான். கீழ்ச் சுவத்த உசத்தினான். கீழ்வாசல் கதவுல பலகை மேல பலகையா அடிச்சான்.

"இந்த வருசமும் போச்சுன்னா தோட்டத்த விட்டுட்டு அடிவாரத்துக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான்"னான்.

அதக் கேட்டதும் அவன் மக வீராயிக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. மழை பேஞ்சா வானத்தோடயே சண்டைக்கு நிக்கிறவ அவ.

மரம் மறுபடி பூத்துச்சு. ஒரு விடியக்காலை, அடி வரிசைப் பேரி மரம் கூப்பிட்டுச்சு: "வீராயி, கால் விறைச்சுப் போச்சு. அது வந்துருச்சு."

வீராயி கடப்பாரையத் தூக்கிட்டு இறங்கினா. கீழ்க்கதவுல சாஞ்சு, முழங்காலக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சு பனி.

"எந்திரி. யார் தோட்டம்னு நெனச்ச?"

"எனக்கு மட்டும் இங்க உக்கார ஆசையா தாயி? மேல மொட்டைப் பாறையிலருந்து வர்றேன். ஓடைக்குப் போகணும். உங்க அப்பன் வழிய அடைச்சுட்டான்."

"ஏறிக் குதிக்க வேண்டியதுதான?"

"ஏறத் தெரியாது. இறங்க மட்டும்தான் தெரியும்."

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? கதவத் தட்டியிருக்கலாம்ல?"

"தட்டினேன். காத்துன்னு நெனச்சு இன்னொரு பலகை அடிச்சான்."

வீராயி கதவுப் பக்கம் திரும்பினா. கடப்பாரைய இடுக்குல குடுத்து நெம்பினா. சத்தம் கேட்டுக் கொம்பையன் ஓடி வந்தான்.

"ஏ புள்ள, பனிய உள்ள விடுறியா?"

"வெளிய விடுறேன். உள்ள வச்சுப் பூட்டினது நீதான்."

"காட்டுப்பன்னி புகுந்துருமே."

"பன்னிய வெரட்ட நாய் இருக்கு. இத வெரட்ட எந்த நாயக் கூட்டியாரப் போற?"

கதவு பேந்து விழுந்துச்சு. அவ கணுக்காலச் சில்லுன்னு உரசிக்கிட்டு, குளிர் மொத்தமும் ஓடையப் பாத்து ஓடுச்சு. போறப்ப பனி சொல்லுச்சு: "திறந்தே வையி தாயி. இனிமே நான் வழிப்போக்கன்தான், உக்கார மாட்டேன்."

வெயில் வந்துச்சு. அடி வரிசை மட்டும் கருகியிருந்துச்சு. மேல சரிவு முழுக்கப் பூ அப்படியே நின்னுச்சு. ஆடியில பாரம் தாங்காமக் கிளையெல்லாம் தரையத் தொட்டுச்சு. கொம்பையன் அந்தக் கதவுப் பலகையெல்லாம் பொறுக்கிட்டு வந்து கிளைக்கு முட்டுக் குடுத்தான். பத்தல.

"இன்னும் நாலு பலகை அடிச்சிருக்கலாம்லப்பா"ன்னா வீராயி.

அன்னையிலருந்துதான் மலைப் பழத்தோட்டத்துல கீழ்வாசலுக்கு யாரும் கதவு வைக்கிறதில்ல. பனி மேலருந்து வரும், கீழ போகும். வாசல்ல ஒரு நாய் மட்டும் படுத்திருக்கும்.